வடக்கே கலியாணத்துக்கு எந்த மாதம் நல்லது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஒக்டோபர் மாதம். லண்டன் வால்தம்ஸ்டோவில், பொரித்த கோழிக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த ஒற்றை அறை வீட்டில் நான் தனியாக இருந்தேன். வயது முப்பத்தெட்டு. கவுன்சிலில் வேலை. அந்த மாதம்தான் நானும் அவரும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்தோம்.

அவர் மலேசியத் தமிழர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக இங்கேயே தங்கிவிட்டவர். முன்பு ஒருமுறை கலியாணமாகி விவாகரத்துப் பெற்றவர். வேண்டாம் என்று சொல்ல என் அப்பாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. அம்மா இறந்த பிறகு அப்பா கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் அண்ணை குடும்பத்தோடு இருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்ன அன்று, "ஊர் தெரியாது, ஆக்களைத் தெரியாது. ஒருத்தியை விட்டிட்டு வந்தவன். இந்தக் கதையை இந்த வீட்டில திரும்ப எடுக்காதை" என்றார். அண்ணை தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதனால் யாரையும் கூப்பிடாமல் ஸ்கொட்லாந்தின் வடகரைக்குப் போய், கடலைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நின்று பதிவு செய்வதென்று நான்தான் சொன்னேன். அவர் ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டார். படங்கள் அழகாக இருக்கின்றன என்றேன். உண்மை வேறு. மண்டபம் எடுத்தால் வராதவர்களின் கதிரைகள் வெறுமையாகத் தெரியும். வெட்டவெளியில் அது தெரியாது.

அங்கே வெளியில் வைத்தும் சட்டப்படி பதிவு செய்யலாம். அந்தக் கரையில் ஒரு சின்ன ஊரின் பதிவு அலுவலகத்துக்கு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்துப் படிக்கட்டில் இருந்தபடி தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பதில் சொன்னார். ஆறுதலான குரல், ஆனால் சுற்றிவளைக்காத பேச்சு. டிசம்பரில் வரலாமா, வானத்தில் பச்சை ஒளி தெரியுமாமே என்று கேட்டேன். ஒளி தெரிந்தாலும் தெரியலாம், சூரியன் ஒன்பது மணிக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடும், பனி கொட்டினால் வீதியை மூடிவிடுவார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஜூனைப் பற்றிக் கேட்டேன். இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம். ஆனால் காற்று இல்லாத நாளில் நுளம்பை விடச் சின்னப் பூச்சிகள் புகை மாதிரி வந்து மொய்க்குமாம், மணப்பெண்கள் முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்களாம். சரி, செப்டம்பர்? மலையெல்லாம் ஊதாப் பூவும் செம்மஞ்சளுமாக இருக்கும், புயலும் அப்போதே தொடங்கிவிடும் என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு குறையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

என்னைக் கட்டப் போகிறவருக்குக்கூடச் சொல்லாத கணக்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஜனவரியில் அப்பாவுக்குக் கண் சத்திரசிகிச்சை, அது முடிந்தால் மனம் இளகலாம். மார்ச்சில் அம்மாவின் திவசம், அப்போது பக்கத்தில் இருந்து பேசிப் பார்க்கலாம். ஏப்ரலில், பெரியபிள்ளையான அண்ணையின் மகளுக்குச் சாமத்தியவீடு, அந்தச் சந்தோஷத்தில் ஏதாவது நடக்கலாம். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கண் சுகமானது, திவசம் முடிந்தது, சாமத்தியவீட்டில் நான் ஒரு மூலை மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் என்னைக் கட்டப் போகிறவர் என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கவா? பிரச்சினை மாசமா, இல்ல நானா?"

நான் என் கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பரவால்லலா, நீ யோசி" என்று சொல்லிவிட்டு வழக்கத்தை விட முன்னதாகவே போய்விட்டார். கீழே கடையின் எண்ணெய் வாடை அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இருந்த மாதிரி அவ்வளவு தனியாக நான் லண்டனில் ஒருநாளும் இருந்ததில்லை.

அடுத்த நாளும் அந்தப் படிக்கட்டில் இருந்து அந்தப் பெண்ணைத்தான் அழைத்தேன். வருகிற ஒக்டோபர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கோபிக்காதீர்கள். ஏறக்குறைய எல்லா மாதத்தையும் கேட்டுவிட்டீர்கள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்றார்.

"அப்பாவுக்காக."

"வருவாரா?"

"மாட்டார்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கூட வேலை செய்யும் ஒருவர் கோப்பியோடு படியேறி வந்து, என் கால்களைத் தாண்டிக் கவனமாகப் போனார்.

அந்தப் பெண் தொலைபேசியை வைக்கவில்லை. நான் மூக்கைத் துடைக்கும் வரை இருந்தார். இரண்டு பேராக மட்டும் வருகிறவர்களுக்குத் தான் மே முதல் வாரத்தைத்தான் சொல்வதாகச் சொன்னார். காலையில் மழை வந்தாலும் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், மழை விடுகிற நேரமாகப் பார்த்து நிதானமாக நிற்கலாம். பூச்சிகள் இன்னும் வந்திராது. குளிர் இருக்கும், ஆனால் ஆளைத் தின்னாது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், அதற்குத் தான் பொறுப்பு என்றார்.

அன்றே அவர் வீட்டுக்குப் போய் மே என்று சொன்னேன். அவர் உடனே கைப்பேசியை எடுத்து லீவுக்கு எழுதினார்.

பிறகு செவன் கிங்ஸுக்குப் போனேன். அப்பா மேசையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மே மாசம் நாங்கள் பதிவு செய்யப் போறம். ஸ்கொட்லாந்தில."

"ஏன், இங்க இடமில்லையோ?"

"இங்க எண்டால் நீங்கள் வரேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். அங்க எண்டால் தூரம் எண்டு சொல்லலாம்."

கத்தி நின்றது. "நான் வரமாட்டன்" என்றார்.

"ஓம். தெரியும்."

"சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிட்டேன். அவர் என்னோடு சாப்பிட இருக்கவில்லை.

கூறைச் சேலை எடுக்க இல்ஃபர்டுக்குத் தனியாகத்தான் போனேன். கடைக்காரப் பெண் சேலையை என் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா வரேல்லையோ பிள்ளை? கூறையைத் தனியவோ எடுக்கிறியள்?" என்று கேட்டார். "அம்மா வேலைக்குப் போட்டா அக்கா" என்றேன். அம்மா இறந்து அப்போது ஒன்பது வருடம்.

மே முதல் வாரம் கிங்ஸ் குரொஸில் ரயில் ஏறினோம். இன்வர்னஸில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் வாடகைக் காரில் வடக்கே போனோம். போகப் போக மரங்கள் குறைந்தன, வீடுகள் குறைந்தன. வழியெல்லாம் முட்செடிகளில் மஞ்சள் பூ. கலியாண நாள் காலையில் மழை சாய்ந்து அடித்தது. சேலையைக் கட்டி முடித்து விடுதி ஜன்னலருகே நான் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் அண்ணையிடமிருந்துகூட ஒன்றும் வரவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மழை விட்டது.

மேட்டில் எங்களுக்காக மூன்று பேர் நின்றார்கள். பதிவாளர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மஞ்சள் மழைக்கோட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். "அந்த எல்லா மாதங்களும் நீங்கள்தானே?" என்று அவர் கேட்டதும் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, தானே சாட்சியாக வந்திருந்தார்.

காற்று பொல்லாத காற்று. சேலையின் முன்மடிப்பு, கொய்யகம், குலைந்து காலில் சுற்றியது. எங்கள் வழக்கத்தில் அதைச் சரிசெய்ய மாமி, சின்னம்மா, மச்சாள் என்று பத்துப் பேர் வருவார்கள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் ஈரப் புல்லில் முழங்காலில் இருந்தார். "எப்படி மடிப்பது? சொல்லுங்கள்" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மடிப்பாக எடுத்துத் தந்தார். பிறகு எழும்பி, பறந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். பதிவாளர் வாசிக்கும் வரைக்கும், நாங்கள் சம்மதம் சொல்லும் வரைக்கும், என் கணவர் தாலி கட்டி முடிக்கும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தபால்காரர் எங்களுக்குக் கைகொடுத்துவிட்டு நாயை நடத்தப் போனார். அந்தப் பெண் என்னை ஒருமுறை அணைத்துவிட்டு, ஐந்து மணிக்குள் கடைக்குப் போகவேண்டும் என்று இறங்கிப் போனார். மேட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. வெறிச்சென்றும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து செவன் கிங்ஸுக்குத் தனியே போனேன். கேட்காமலே கைப்பேசியில் ஒரு படத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சேலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனுசி ஆர்?"

"தெரியாத ஆள் அப்பா. அந்த ஊர்க்காரி."

அவர் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை. திரை தானாக அணைந்தது. விரலால் தொட்டுத் திரும்பவும் எரியவைத்துப் பார்த்தார்.

இன்றுவரை அப்பா என் கணவரோடு கதைத்ததில்லை, எங்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை. அப்பா வராத அந்த நாளை நினைக்கும்போது இப்போதும் வலிக்கிறது. ஆனால் வருகிறவர்களைக் கொண்டே ஒரு நாளை நிறைவாக்கலாம் என்று, பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு மனுசியின் கையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.