மருந்து அல்ல

ஜூஜுவாடியில் நான் வேலை பார்க்கும் புரோட்டீன் பவுடர் கடைக்கு ஜிம் பையன்கள்தான் அதிகம் வருவார்கள். அன்று வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பெனிச் சட்டையில் கிரீஸ் கறை. மனைவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அந்த அம்மா பக்கத்து அறையில் தூங்குவதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காய்ச்சல்ல படுத்தவ தம்பி, இன்னும் சோறு எறங்கல. டாக்டர் பவுடர் குடுக்கச் சொன்னாரு. மருந்துன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கறா."

வெளிநாட்டு டின் ஒன்றை எடுத்து, இறக்குமதி ஸ்டிக்கரைக் காட்டினேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான்தான். வரி விடாமல் படித்துச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை.

"'மருந்தாகப் பயன்படுத்த அல்ல'ன்னு போட்டிருக்குங்கண்ணா. இப்படி அச்சடிக்கணும்னு கவர்மென்ட் ரூல்."

எச்சரிக்கையாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மருந்து இல்லைன்னு கவர்மென்ட்டே சொல்லுதா?"

"ஆமாங்கண்ணா."

"அதைத் தமிழ்ல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிக் குடுப்பா. கட்டிக்கிட்ட நாள்லருந்து நான் சொல்லி அவ எதை நம்புனா?"

எழுதி ஒட்டினேன். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"குடிச்சுட்டு எழுந்து வந்து என்னைத் திட்டணும்ப்பா. வீடு சத்தமே இல்லாம கெடக்குது."

அந்த டின் இந்நேரம் தீர்ந்திருக்கும். அடுத்தது கேட்டு அவர் வரவில்லை. உடம்பு தேறி, தேவைப்படாமல் போயிருக்கலாம். ஆனாலும் எதிரே பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓர் அம்மா இறங்குகிறாரா என்று.