தூணுக்குப் பின்னால் ஒரு லிப்ட்

அலுவலகத்தில் அவளுக்கு அம்புக்குறி அக்கா என்று பெயர். நாற்பத்து நான்கு வயதில் பாதியை, ஊராருக்கு வழிகாட்டும் பலகைகள் வரைவதிலேயே கழித்தவள். மூன்று ஆஸ்பத்திரி, ஒரு நீதிமன்றம், ஒரு மிருகக்காட்சிசாலை என்று எங்கும் ஆள் தொலைந்ததாக இதுவரை புகார் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான், நூற்று முப்பது வருடத்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் பலகைகளும், அதன் கதையைச் சொல்லும் படங்களும் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அன்று பிடித்தது சனியன்.

ஸ்டேஷன் அழகுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பலகை வைக்க இடம் கேட்டால் ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கல் உடையும் என்றது பழமை பாதுகாப்புக் கமிட்டி. தரையில் நிறுத்தக் கூடாது, கூட்டம் தடுக்கி விழும் என்றது ரயில்வே. கூரையிலிருந்து தொங்கவிடக் கூடாது என்றது தீயணைப்புத் துறை. பின்னே பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நானே நிற்கட்டுமா என்று அவள் அங்கே கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டாள்.

"நில்லேன். அதுக்கும் ஒரு கமிட்டி போடுவாங்க" என்றார் அந்தப் புண்ணியவான்.

விளக்குக் கம்பங்களில் பட்டை கட்டி, கடைகளின் நெற்றியில் ஒட்டி, மற்ற பலகைகளையெல்லாம் எப்படியோ தலையால் தண்ணீர் குடித்து வைத்து முடித்தாள். ஒன்றுதான் பாக்கி. மூன்றாம் நடைமேடையிலிருந்து வெளியே போக நாற்பத்திரண்டு படி ஏறிப் பாலத்தைக் கடக்க வேண்டும். லிப்ட் இருக்கிறது. ஆனால் பூவும் இலையும் செதுக்கிய ஒரு பெரிய தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அந்தத் தூணில் ஒரு முழ நீளத்துக்குச் சின்னப் பலகை, அவ்வளவுதான் அவள் கேட்டது.

"தூணோட அழகு என்ன ஆகுறதும்மா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"சார், அங்க லிப்ட் இருக்குறதே யாருக்கும் தெரியல சார்."

"தேவைப்படறவங்க கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க."

இந்தப் பேச்சு நடந்த செவ்வாய்க்கிழமைதான் அம்மா வந்தாள். நான்கு மணி நேர ரயில் பயணம், போதாததற்கு முட்டிவலி. கூட்டம் ஸ்டேஷன் மாடியிலேயே நடந்ததால், வெளியே வந்து டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய்விடும்படி மகள் போனில் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தாள். கூட்டம் முடிந்து பார்த்தால் அம்மா வீட்டில் இல்லை. அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போயிருந்தாள்.

"படியைப் பார்த்தேன். முட்டி ஒத்துக்கல. வந்துட்டேன்" என்று போனில் சுருக்கமாக முடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான்.

பத்தடி தள்ளி லிப்ட். அம்மா படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். தலைவரைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தூண் பலகைக்கு மறுபடி எழுதினாள். நிராகரித்தார்கள். இன்னொரு நிறத்தில் வரைந்து கொடுத்தாள், அதையும் நிராகரித்தார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது.

கடைசியில் ஒரு குறுக்குவழி தோன்றியது. கமிட்டிக்குக் கதை என்றால் உயிர். தரையில் எதையும் நிறுத்தக் கூடாதென்ற ரயில்வேகூட, கதைப் பலகைகளுக்கு மட்டும் ஏழு இடம் ஒதுக்கியிருந்தது. திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் எதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்? ஏழில் ஒன்று அந்தத் தூணின் முன்னால். அவள் பழைய வரைபடங்களைக் கிளறினாள். தூணுக்குப் பின்னால் அந்தக் காலத்தில் தபால் மூட்டைகளைப் பாலத்துக்கு ஏற்றும், கயிறு போட்டுக் கையால் இழுக்கும் ராட்டினம் இருந்தது தெரிந்தது. உட்கார்ந்து எழுதினாள்: "ஒரு நாளைக்கு இருநூறு மூட்டைகள் இதன் வழியே மேலே போயின. ராட்டினம் இருந்த அதே இடத்தில் இன்று லிப்ட் இருக்கிறது. இடப்பக்கம் பத்தடி நடந்து பாருங்கள்."

தலைவர் படித்துவிட்டு உருகிப்போனார். "இதாம்மா வரலாறு!" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

பலகை நின்ற அன்று அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். ஊன்றுகோல் வைத்த ஒருவர் நின்று படித்தார், இடப்பக்கம் திரும்பினார், லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, லிப்டுக்கு வழி வெச்சாச்சு! இனிமே நீ படியே ஏற வேண்டாம்."

"தூணுக்குப் பின்னால இருக்கே, அதுவா? அது எனக்கு அன்னைக்கே தெரியும். பெட்டி தூக்குறவரைக் கேட்டேன், அவரே கூட்டிட்டுப் போய்க் கதவு வரைக்கும் காட்டினார்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏம்மா திரும்பிப் போனே?"

"வண்டியில வந்த எல்லாருக்கும் யாராவது வந்து நின்னாங்க. நீ மாடியிலதானே இருந்தே? இறங்கி வந்து ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டினா என்ன? போர்டு பார்த்து, டாக்ஸி பிடிச்சுப் பூட்டின வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்கு அங்க வரணும்? முட்டின்னு சொன்னா உனக்கு வருத்தமா இருக்காதேன்னு அப்படிச் சொன்னேன்."

ஐந்து மாதமாகத் தலைவர் மேல் வளர்த்த கோபம் இப்போது எங்கே போவதென்று தெரியாமல் அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. வெட்கமாக இருந்தது. எதிரில் இரண்டு பேர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாம்மா. நான் வந்து நிக்கிறேன்."

"உனக்கு என்னைக்கு மீட்டிங் இல்லையோ, பார்த்துச் சொல்லு."

அவள் டைரியைப் புரட்டினாள். அந்த வாரமும் நிரம்பியிருந்தது, அடுத்த வாரமும்.

"நாளைக்குக் காலை வண்டியில வா" என்றாள். நாளைக் காலை கமிட்டிக் கூட்டம் இருந்தது.