சக்கரத்தின் அளவு

கவிழ்ந்த பிறகும் அதன் சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. புதூர்நாட்டுப் பக்கம், கோடையில் காய்ந்துபோகும் ஓர் ஓடைப் பள்ளத்தில் நிலவில் ஓட்டுவதற்காக நாங்கள் செய்த ரோபோ வண்டி மல்லாந்து கிடந்தது. மேலே கரையில் நிதி தரும் குழுவினர் ஏழெட்டுப் பேர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள். பாறைகளைப் பிடித்துக் கீழே இறங்கி அதன் சுவிட்சை அணைத்தவர் அக்காதான். நான் கரையிலேயே நின்றேன்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவரை. நம் கைப்பேசிக்கு வழி சொல்வதுபோல் நிலவில் வண்டிக்கு வழி சொல்ல எதுவும் இல்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணியும், கேமராவில் தெரியும் பாறைகளை அடையாளம் வைத்தும், தான் நிற்கும் இடத்தை அதுவே கணிக்க வேண்டும். போகப் போக வரைபடமும் போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் திரும்பினால் நிழல் திரும்பும். காலையில் பார்த்த பாறை மாலையில் அதற்கு வேறு பாறையாகத் தெரியும். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அக்கா. நிழலை ஒதுக்கிவிட்டுப் பாறையின் வடிவை மட்டும் கொண்டு அடையாளம் காணும் முறைக்காக மூன்று ஆண்டுகள் உழைத்தார். புதூர்நாட்டை ஒட்டிய மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். சோதனைக்கு ஏற்ற இடமென்று அந்த ஓடையை எங்களுக்குக் காட்டியவரும் அவரே.

எங்கள் ஆய்வு வழிகாட்டியை சார் என்றுதான் அழைப்போம். வாராந்திரக் கூட்டத்தில் அக்கா ஆங்கிலத்தில் தடுமாறும்போது அதே வாக்கியத்தை இரண்டு முறை, மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்வார். புரியாமல் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சிரிப்போம். பிறகு என் பக்கம் திரும்பி, அக்கா சொல்ல வந்ததை நீ சொல் என்பார். சென்னையில் நல்ல பள்ளியில் படித்தவள் நான்; சரளமாகச் சொல்வேன். அவர் கண்டுபிடித்ததை என் வாயால் கேட்டுக் கேட்டு, அது என்னுடையது என்று மற்றவர்கள் நினைக்கத் தொடங்கியபோது நான் திருத்தவில்லை. குழுவினர் மலைக்கு வந்த அன்று, முறையை விளக்கப் போகிறவள் என்று என்னை அறிமுகம் செய்தார் சார். அக்காவை, உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனிப்பவர் என்றார். அப்போது அக்காவின் இரண்டு கைகளிலும் தண்ணீர் கேன்கள் இருந்தன.

முந்தின நாள் மாலை பெரிய சக்கரங்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தவள் நான். சக்கரத்தின் அளவையும் மென்பொருளில் மாற்றியிருந்தேன். காலையில் அக்கா வந்து பார்த்து, பெரிய சக்கரம் பாறையில் வழுக்கும் என்று பழையவற்றையே மாட்டச் சொன்னார். மாட்டி முடித்ததும், “அளவ மாத்திட்டியா?” என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். மாற்றவில்லை. உட்கார்ந்து மாற்றிவிடலாம் என்றிருந்தபோது ஜீப்புகளின் சத்தம் கேட்டது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வரவேற்க ஓடினேன்.

சிறிய சக்கரத்தில் ஓடிக்கொண்டு பெரிய சக்கரத்தில் ஓடுவதாக நினைத்தது வண்டி. போகாத தூரத்தைப் போய்விட்டதாகக் கணக்குப் போட்டு, பள்ளத்தைத் தாண்டித் திரும்ப வேண்டியது, அதற்கு மூன்று மீட்டர் முன்னாலேயே திரும்பியது.

மலையில் இருந்த நாளெல்லாம் சார் எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். அன்று மட்டும் தமிழில் பேசினார். பள்ளத்திலிருந்து ஏறி வந்த அக்காவைப் பார்த்து, “மாடு ஓட்டுற மாதிரி இத ஓட்டிடலாம்னு நெனச்சியா?” என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை, ஆனால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி. அங்கே அக்காவின் அம்மாவும் நின்றார். விருந்தினருக்கென்று பலாப்பழம் அறுத்து, சுளைகளைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். ஒருவரும் தொடவில்லை. ஜீப்புகள் கிளம்பிப் போனபின் நான் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். எல்லாக் கேபிள்களையும் ஒரே அளவில் மிக அழகாகச் சுருட்டினேன்.

அக்காவுக்கு அந்த ஆண்டு உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. இரண்டு மாதத்தில் விடுதியைக் காலி செய்தார். அவருடைய முறை அடுத்த சோதனையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. கட்டுரை என் பெயரிலும் சார் பெயரிலும் வந்தது. அக்காவின் பெயர் கடைசியில், மலையில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர்களோடு சேர்த்து, நன்றிப் பட்டியலில். வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்றுக்கு சார் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில், நான் மிக நேர்மையானவள் என்று ஒரு வரி இருந்தது. அவருக்கு உண்மை தெரியாது, பாவம் என்று அப்போது நினைத்தேன். இன்று பெங்களூரில், நிலவின் குழிகளுக்குள் இறங்கி வரைபடம் போடும் ரோபோவுக்கான குழு ஒன்று எனக்குக் கீழே வேலை செய்கிறது.

போன ஆண்டு புதிய சோதனைக் களம் தேடி மீண்டும் மலைக்குப் போனோம். விசாரித்ததில், அக்கா இ-சேவை மையம் ஒன்றை நடத்துவதாகச் சொன்னார்கள். போனேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண்ணின் விரல் ரேகை பதியவில்லை. ஈரத்துணியால் அந்த விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். “குந்து. இவங்கள அனுப்ச்சிட்டு வர்றேன்” என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். சக்கரத்தின் அளவை மாற்றாமல் விட்டது நான்தான் என்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. அக்கா பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“தெரியும். அன்னிக்கே கம்ப்யூட்டர் பதிவுல பாத்துட்டேன். நீ எப்போ மாத்தின, எப்போ மாத்தல, எல்லாம் அதுல இருந்திச்சி.”

“ஏங்க்கா சொல்லல?”

“சொன்னேனே. சார் கிட்ட கொண்டும்போய் காட்டினேன். பாத்தாரு. அந்தப் பொண்ணு வெளிநாடு போவப்போவுது, நீ எப்டியும் நிக்கப்போறதில்ல, அவ பேர ஏன் கெடுக்கறன்னாரு.”

அந்தக் கடிதத்தை சார் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் ரகசியம் ஒன்றைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ரகசியமே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். என்னால் ஆன உதவி எதுவானாலும் செய்கிறேன் என்றேன்.

அக்கா முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “இங்க வந்து சொல்ட்டா ஒனக்கு லேசாயிடும். எனக்கு இன்னா ஆவும்? எங்கம்மா அந்த ஆளு சொன்னத நெனச்சிக்கினேதான் செத்துச்சி.” பிறகு, அலுவலக வேலை சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: “செய்யணும்னா ஒண்ணு செய். நடந்தத எழுது. ஓம் பேரு, அவரு பேரு, எம் பேரு மூணும் போட்டு எழுது. அந்தக் கட்டுரை போட்டவங்களுக்கு அனுப்பு. அதுவரைக்கும் வராத.” வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டார்.

ஊர் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். எங்கள் திட்டத்துக்கு அடுத்த கட்ட நிதி தருவதா என்று முடிவு செய்யும் குழுவில் சார் இருக்கிறார். என்னை நம்பிப் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். காரணம் அது இல்லை என்பதும் உண்மை.

ஓராண்டில் நான் எழுதி முடித்தது இவ்வளவுதான். இதில் சாரின் பெயர் இல்லை. அக்காவின் பெயர் இல்லை. புனைபெயர் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.