சாப் இறங்கச் சொன்ன முகடு

பட்டாளத்துக்காரனுக்கு வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். சந்தேகம் இருந்தால் மாதம் ஒருமுறை நாங்கள் திண்டுக்கல்லில் கூடும்போது வந்து கேட்டுப் பாருங்கள். ராணுவக் கேன்டீனில் சாமான் வாங்கிக்கொண்டு, பையும் கையுமாகப் பிரியாணிக் கடையில் போய் உட்கார்ந்தால் போதும், கார்கில் சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும். தண்ணீர் டம்ளர் ஒரு மலை, எலும்பு போடுகிற தட்டு இன்னொரு மலை. மேலே ஏறியவன் ஒரு வழி சொல்வான். கீழே முகாமில் ரொட்டி சுட்டவன் வேறு வழி சொல்வான், அதுவும் அடித்துச் சொல்வான். எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் எங்கள் சுபேதாரிடம் வந்து நிற்கும். அவரை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவோம், அன்றும் இன்றும்.

விஷயம் இதுதான். ஒரு விடிகாலையில் நாங்கள் ஒரு முகட்டைப் பிடித்தோம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் பிடித்த இடம். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சாப், “எல்லாரும் பின்பக்கமா இறங்குங்க. பாறைக்கு அடியில போங்க” என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விட்டுவிட்டு இறங்கவா இவ்வளவு பாடுபட்டோம்? முனகிக்கொண்டே இறங்கினோம். சற்று நேரத்தில் முகட்டின் மேல் குண்டு விழ ஆரம்பித்தது. அடேயப்பா! நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த கல்லெல்லாம் மாவாகிவிட்டது. ஓய்ந்ததும் மறுபடி ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தோம், ஒரு ஆள் குறையாமல். பிடித்த முகட்டின் உச்சியில் உட்காராதே, எதிரியின் பீரங்கிக்கு அந்த இடத்தின் தூரம் அத்துப்படி என்பது பயிற்சியில் எல்லோரும் படித்த பாடம்தான். அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது அவருக்கு மட்டும்தான் என்று பிரியாணிக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்த வருஷம் சாப்புக்குச் சர்க்கரை முற்றி, வலது பாதம் அழுகத் தொடங்கியது. பாதத்தை எடுத்தால் பிழைப்பார், விட்டால் விஷம் உடம்பு முழுக்க ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப் முடியாது என்றார். மனைவி அழுதும் கேட்கவில்லை, பிள்ளைகள் சண்டை போட்டும் கேட்கவில்லை. நானும், அன்று எங்களோடு ஏறி இப்போது எரியோட்டில் இருக்கும் ஹவில்தாரும் வடமதுரையில் அவர் வீட்டுக்குப் போனோம்.

“ஆபரேசன் வேணாம். முடிவு பண்ணியாச்சு” என்றார் சாப்.

உடனே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இரண்டு பேரும் நிமிர்ந்து நின்று, “சரி சாப்” என்றோம். காப்பி குடித்தோம். பஸ் ஏறினோம். அடுத்த வாரமும் இதே கூத்து. அவர் சொன்னதற்குச் சரி சொல்லியே பழகிய வாய், வேறு எதைச் சொல்லும்?

அதற்கடுத்த முறை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, எங்களை வாசலிலேயே மடக்கினார்.

“ஏந்தம்பி, வாரீக, காப்பியக் குடிக்கிறீக, சரி சாப்புங்கிறீக, போறீக. அம்புட்டுத்தானா? அவரு செத்தா வந்து துப்பாக்கியத் தலகீழாப் பிடிச்சிக்கிட்டு நிப்பீகளோ?”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்கு இறக்கிய எம்-சாண்ட் மணல் வாசலுக்கு எதிரே குவிந்து கிடந்தது. பட்டாளத்தில் தாக்குதலுக்கு முன்னால் மலையை மணலில் செய்துவைத்து, அதைக் காட்டித்தான் திட்டத்தை விளக்குவார்கள். “வாய்யா” என்று ஹவில்தாரை இழுத்துப் போய், அந்தக் குவியலில் எங்கள் முகட்டைக் கட்ட ஆரம்பித்தேன். ஏறிய வழியைப் போட அக்கா கோலமாவு கொடுத்தார். எதிரியின் பீரங்கிக்கு மஞ்சள்தூள். பாறையை மட்டும் வேண்டுமென்றே முன்பக்கம் வைத்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சாப்புக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே! கண்ணு அவிஞ்சு போச்சா? பாறை அங்கயா இருந்துச்சு?”

அவரை நாற்காலியோடு தூக்கிவந்து மணலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கைத்தடியால் பாறையை நகர்த்தினார். சரிவைச் சரிசெய்யச் சொல்லி எங்களை விரட்டினார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. இதுதான் சமயம் என்று கேட்டேன்.

“முகட்ட ஏன் சாப் விடச் சொன்னீங்க?”

“இருந்தா எல்லாரும் போயிருப்பீகல்ல?”

“அப்ப அந்தப் பாதத்தையும் விடுங்க சாப். வச்சிருந்தா மொத்தமும் போயிரும்.”

அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. ஹவில்தாரும் துணைக்கு வந்தார். “அன்னைக்கு உங்க ரோசனை இல்லேன்னா நாங்க ஏது சாப்?” என்றார்.

சாப் மணலைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ரோசனையெல்லாம் ஒண்ணுமில்லப்பா. பயம். மேல போயி நின்னதும் ஓடி ஒளியணும்னு தோணுச்சு, உங்களையும் இழுத்துக்கிட்டு ஓடுனேன். நீங்க மாசாமாசம் அதப் பெரிய திட்டம்னு பேசுறீக. நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்பவும் அதே பயந்தான். காலை எடுப்பாகன்னு தெரிஞ்சே போயி மேசையில படுக்கணுமே. என்னால முடியலப்பா.”

ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் சாப்பின் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தேன்.

“அந்தப் பயத்துலதான் சாப் நாங்க வீடு வந்து சேந்தோம். எம்மக பொறந்ததே அதுக்குப் பிறகுதான். பயந்தா என்ன, பயந்துட்டுப் போங்க. அன்னைக்கு எங்கள விட்டுட்டா ஓடுனீங்க? இன்னைக்கு நாங்க கூட வாரோம்.”

சாப் அக்காவைத் திரும்பிப் பார்த்து, “சட்டைய எடு” என்றார்.

வடமதுரையிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் காரில் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. உள்ளங்கை வியர்த்து நசநசவென்று இருந்தது. எவ்வளவு பயந்திருந்தால் அப்படி வியர்க்கும்! ஆபரேசன் தியேட்டர் வாசலில் நர்ஸ் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

பாதம் போயிற்று. சாப் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். பயமென்றால் என்னவென்றே தெரியாத அதிகாரிகளின் கீழும் நான் வேலை பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் என் வணக்கம். ஆனால் அந்த விடிகாலையில், பயப்படத் தெரிந்த ஒரு மனுசர் கையில் என்னை ஒப்படைத்தாரே கடவுள், அதற்குத்தான் தினமும் கும்பிடுகிறேன்.