வளைத்தும் சத்தம் வராத ஈயம்

இன்று காலை முதல் வேலையாக, நேற்று ஈயம் பூசி வந்த ரசப் பாத்திரத்தின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் தாளால் தேய்த்துப் பார்த்தேன். பென்சில் கோடு போலக் கறுப்பாகப் படிந்தது.

வெள்ளீயம் இப்படிக் கறை விடாது. காரீயம் விடும். அது புளியோடு சேர்ந்தால் விஷம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் வீட்டில் இருக்கிறாள். ரசமில்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஈயம் பூசுகிறவரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, அந்த ஈயக் குச்சியை என் காதுப்பக்கம் வளைச்சுக் காட்டுங்க. வெள்ளீயம்னா நறநறன்னு சத்தம் வரும்."

"ஈயம் டீச்சரம்மாகிட்ட பாடம் ஒப்பிக்குமாக்கும்!" என்று சிரித்தபடி வளைத்தார்.

சத்தமே இல்லை. சிரிப்பும் நின்றது.

"ஜப்பான் சண்டையில மலாயாவுலேருந்து ஈயக் கப்பல் வரல. வெள்ளீயத்துக்கு எங்கன போவேன்? மீன் வலையில கட்டுத காரீயக் குண்டை உருக்கிச் சேத்தேன். ஊரே இதுலதான் சாப்பிடுது, யாரு செத்தா?"

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் தாளைக் காட்டினேன்.

"ஏளா, கண்ணாடி கணக்கா மின்னுதே! ஒனக்குப் படிப்பு கூடிப்போச்சு. நாளைக்குச் சம்பந்தக்காரவ வாராவ. மண்சட்டியில ரசம் வச்சா மானம் போவும்."

இருபது வருடமாகப் பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் ஒரு தாள் துண்டு காட்டுவதை நம்பவைக்க முடியவில்லை.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளை விடியுமுன் அந்தப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போடப்போகிறேன். ஓட்டைப் பாத்திரத்தில் ரசம் வைக்கச் சொல்ல மாமியாராலும் முடியாது.

நீங்களும் உங்கள் பாத்திரத்தைத் தாளால் தேய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஆணி என்னிடம் இருக்கிறது.