எட்டுக் கிரகமும் என் ஏழாம் இடமும்

கிரகம் காட்டிப் பிழைக்கிறவளுக்கு வானத்தால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர்களால்தான். கடையில் நின்று பொருள் விற்கிறவர்களே, கவுண்டரில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பித் தருகிறவர்களே, ஒரே விளக்கத்தை ஒரு நாளைக்கு ஆறு தடவை சொல்லித் தொண்டை வற்றுகிறவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

என்னிடம் ஒரு கருப்புக் கூடாரம் இருக்கிறது. காற்றடித்தால் அரைப் பந்து மாதிரி எழும்பி நிற்கும். குனிந்து உள்ளே நுழைந்தால் முப்பது பேர் உட்காரலாம். தலைக்கு மேலே புரொஜெக்டரில் சூரியனும் எட்டுக் கிரகமும் சுற்றும். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், ஃபேக்டரி குடும்ப தினம் என்று பினாங்கு முழுக்க இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். நான் பேசுவேன். வேன் ஓட்டுவதும், காற்றடிக்கிற ஃபேன் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் குணா அண்ணன்.

ஒரு நாளில் ஒரு வருஷம்

பாயான் லெப்பாசில் ஒரு ஃபேக்டரி குடும்ப தினம். வெளியே பிஹூன் கோரேங் வாசனை, உள்ளே நான் சுக்கிரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன்தான். ஆனால் சூட்டில் முதலிடம் சுக்கிரனுக்கு, நானூற்றறுபது டிகிரி. அது தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற 243 நாள் ஆகும். சூரியனைச் சுற்ற 225 நாளே போதும். ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு வருஷமே ஓடிவிடும் என்றேன்.

சனங்களுக்குப் பிரமிப்பு வரட்டும் என்று இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவது வழக்கம். பிரமிப்பு வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு டெக்னீஷியன் கை தூக்கினார். பெயர் சேகரன் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் என்னென்னவோ தெரிந்தது, அது உங்களுக்கு வேண்டாம். அன்றைக்கு அவர் கேட்டது இவ்வளவுதான்:

"ஒரு நாள் வேலைக்கு வந்தா ஒரு வருஷ போனஸ். அங்க ஆள் எடுக்கிறாங்களா லா?"

ஏழாம் இடம்

ஒன்றரை வருஷம் பேசிப் பழகியபின் சேகரன் வீட்டில் சொன்னார். நிபோங் திபாலில் இருக்கும் அவருடைய அம்மா என் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை, ஜாதகம் கேட்டார். அனுப்பினோம். ஏழாம் இடத்தில் செவ்வாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பையன் ஜாதகமோ சுத்த ஜாதகம். இந்தப் பெண் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அம்மா சுங்கைப்பட்டாணியில் வேறு பெண் விசாரிக்கத் தொடங்கினார். அம்மா சம்மதிக்காமல் ரெஜிஸ்டர் பண்ண மாட்டேன் என்றார் சேகரன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ராத்திரி அழுகையும் வந்தது. முப்பத்து மூன்று வயதில் எனக்குப் பிடித்த ஒரே ஆள், நான் வாரா வாரம் படம் போட்டுக் காட்டுகிற ஒரு கிரகத்தால் கை நழுவிப் போவதா?

குணா அண்ணனிடம் புலம்பினேன். ஃபேனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்:

"வாரத்துக்கு நாலு தடவ அதப் பத்திப் பெருமையாப் பேசுற. கொஞ்சமாச்சும் நன்றி இருக்கா பாரு அதுக்கு."

ஷோ காஸ் லெட்டர்

பிறை என்கிற ஊரில் ஒரு மண்டபம். ஷோ முடிந்ததும் ஒரு பெரியவர் வெளியே போகாமல் விரல் விட்டு எண்ணினார். எட்டுதான் வந்தது. நவகிரகம் என்றால் ஒன்பது, மிச்சம் எங்கே என்றார். சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள், ராகுவும் கேதுவும் கண்ணில் படுகிற உருண்டைகள் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். பிறகு பூமியையும் யுரேனஸையும் நெப்டியூனையும் சேர்த்து மறுபடியும் எட்டுக்குக் கொண்டுவந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முன்பு புளூட்டோ என்று ஒன்பதாவது இருந்தது, 1930இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் குள்ளக் கிரகம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள் என்றும் சேர்த்துவிட்டேன்.

பெரியவர் ஃபேக்டரியில் தொழிற்சங்கம் பார்த்தவராம். முகம் சிவந்துவிட்டது.

"எழுபத்தாறு வருஷ சர்வீஸ். காரணம் கேட்டு ஒரு ஷோ காஸ் லெட்டர் கூட குடுக்காமயா எடுத்தாங்க? யூனியன் இல்லையா அங்க?"

பக்கவாட்டில் சனி

எங்கள் கூடாரத்துக்குள் செருப்புப் போடக்கூடாது, பாய் கெட்டுப்போகும். கோயில் மண்டபத்தில் கூடாரம் போட்டால் இதுவே வினை. செருப்பைக் கழற்றியதும் சனங்களுக்குக் கை தானாகக் குவிந்துவிடுகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு சனிக்கிழமை, கூடாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஒரு ஆண்ட்டி எள் விளக்கோடு நின்றார். நைலான் துணிக்குப் பக்கத்தில் நெருப்பைப் பார்த்த குணா அண்ணன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினார்.

உள்ளே சனிக்கிரகத்தைக் கொண்டுவந்தேன். என் ஷோவிலேயே அழகான இடம் அது. வளையம் முழுக்கப் பனிக்கட்டியும் கல்லும், சனியைப் போடுகிற அளவுக்கு ஒரு தொட்டி இருந்தால் தண்ணீரில் மிதக்கும் என்று உருகி உருகிச் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தால், கூட்டம் மொத்தமும் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறது. சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்க்கக்கூடாதாம். முப்பது பேரும் சுவரைப் பார்த்தார்கள். சனியை நான் ஒருத்திதான் பார்த்தேன். விளக்கு ஆண்ட்டி வெளியே போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எப்படிம்மா ஆகும்? வாரா வாரம் நேரா நின்னு பாத்தா?"

திருப்பிப் போடுங்க

போன மாதம் நிபோங் திபாலில் கோயில் மாதர் குழு ஞாயிறு காலை ஷோவுக்குக் கூப்பிட்டது. குனிந்து நுழைந்தவர்களில் மூன்றாவதாக வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சேகரனின் அம்மா. போனில் படம் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜாதகத்தோடு போன படத்தில் நான் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. இங்கே டீ-ஷர்ட், டிராக் பேண்ட், தலையில் மைக்.

எனக்குள் இருந்த சின்னப்புத்தி உடனே விழித்துக்கொண்டது. செவ்வாயைத் தனியாகக் காட்டாமல் வியாழனுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு கொண்டைக்கடலை. பூமியில் ஏறக்குறைய பாதி அகலம்தான் தேறுகிற சாமான், பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று இரண்டு வரியில் முடித்து ஓட்டினேன். அந்த அம்மா கை தூக்கினார். செவ்வாயை மட்டும் ஏன் வேகமாகத் தள்ளுகிறீர்கள், திருப்பிப் போடுங்கள் என்றார். குணா அண்ணன் இருட்டில் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை செவ்வாய் கூடாரம் நிறைய நின்றது. நெருப்புக் கிரகம் என்கிறார்களே, சுடுமா என்று கேட்டார். இல்லை ஆண்ட்டி, குளிர், சராசரி மைனஸ் அறுபது டிகிரி என்றேன். அப்புறம் ஏன் இவ்வளவு சிவப்பு, கோபமா என்றார். கோபமெல்லாம் இல்லை, மண்ணில் இரும்பு இருக்கிறது, அது துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அந்த அம்மா ஷோ முடிகிறவரை அண்ணாந்தபடியே இருந்தார்.

எல்லோரும் போனபின் வெளியே வந்தேன். அந்த அம்மா போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஷோவுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னதே தான்தான் என்றார். மகன் பேச்சை நம்பாமல், பெண்ணையும் கிரகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம் என்று வந்தாராம். பையிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டே சொன்னார்:

"துருதானம்மா மாலதி. தோசைக்கல்லுல புடிக்காத துருவா? புளியப் போட்டுத் தேய்ச்சா போயிடும். தை மாசம் எங்கயும் ஷோ ஒத்துக்காத."

இத்தனை நாளும் எட்டுக் கிரகத்தையும் நான்தான் கட்டி மேய்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். இனி என் பொறுப்பில் ஏழுதான், செவ்வாயைப் புளியோடு சேர்த்து மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டேன்.