கம்பி இறக்கும் நாளுக்கு ஒரு பூட்டு

வில்கமுவவில் டிராக்டர் சேற்றில் புதைந்த இடத்தில் மின்கம்பங்களை ஆள்வைத்துச் சுமந்து லைன் இழுத்தேன். பல்லேகமவில் பாறையை உளியால் குடைந்து குழி எடுத்தேன். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் கூலி வீடுகளான லயங்களுக்குக் கரண்ட் வரவே வராது என்று தோட்டத்துத் தொரைமார் சொன்னார்கள். வந்தது, என் கையால் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதையெல்லாம் எவனும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும்தான் மறுக்கிறார்கள். கொழும்புக் கம்பெனி ஒன்று நாடு நாடாக விற்கும் மின்சார மென்பொருளில் ஒரு பூட்டு இருக்கிறது. அது என்னுடையது.

மாத்தளையில் தேர் ஓடும் நாளில் தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பிகளை இறக்க வேண்டும். தேர் அவ்வளவு உயரம். சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, கம்பத்தில் ஏறுகிறவன் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். அவன் இறங்கும்வரை யாராலும் கரண்ட் கொடுக்க முடியாது. எங்கள் ஆட்களின் உயிர் அந்தச் சாவியில்தான் இருந்தது.

அந்த மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்கக் கம்பெனி எங்கள் ஊரை எடுத்தது. மோட்டார் வைத்த சுவிட்சுகளைக் கம்பங்களில் மாட்டினார்கள். ஓரிடத்தில் கரண்ட் போனால் கணினியே வேறு பக்கத்தால் கொடுத்துவிடுமாம். விற்பனைக்கு வந்தவர் டை கட்டிய தம்பி. மென்பொருளை எழுதிய பெண்ணை எல்லோரும் மிஸ் என்றார்கள்.

"பூட்டு எங்க போடுறது மிஸ்?"

"பூட்டு தேவையில்ல அங்கிள். எல்லாம் ஒட்டோமெட்டிக்."

"அப்ப தேர் வர்றத கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது? சாமியா?"

தம்பி சிரித்தார். நான் பலாபத்வலைப் பக்கத்துச் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். கம்பத்தடிக் கடையில் பல்பு அணைந்தது. வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிக்கவில்லை, வேறு பக்கத்துக் கரண்டில் பல்பு மறுபடி எரிந்தது.

"பாத்தீங்களாங்கய்யா? எவ்வளவு ஸ்மார்ட்!" தம்பி கைதட்டினார்.

"பாத்தேன் தம்பி. அந்தக் கம்பியில இந்நேரம் என் ஆளோட கை இருந்திருந்தா?"

கைதட்டல் நின்றது. மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு வைக்காம என் ஆளு ஒருத்தனும் ஏற மாட்டான். தேர் நின்னா நிக்கட்டும்" என்றேன்.

"எப்படி இருக்கணும் அங்கிள்? சொல்லுங்க, செய்றேன்."

ஏறுகிறவன் போனுக்கு மட்டும் ஓர் இலக்கம் வரவேண்டும். இறங்கித் தரையில் கால் வைத்து அவனே அதை அடித்தால்தான் கணினி அந்தப் பக்கம் கைவைக்க வேண்டும். பெரிய இஞ்சினியர் கேட்டாலும் திறக்கக் கூடாது என்றேன். மிஸ் அப்படியே எழுதினார். அந்த வருடம் கம்பிகள் இறங்கின, தேர் போனது, ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

பிறகு கண்டியில் ஒரு ஹோட்டலில் மென்பொருளை வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்தப் பூட்டைத் திரையில் போட்டு, "எங்கள் குழுவின் கண்டுபிடிப்பு" என்றார் தம்பி. அதற்குத்தான் கேள்விகள் அதிகம் வந்தன. வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பேரு எங்க தம்பி?"

"ஐயா, நீங்க ஒரு யோசனைதானே சொன்னீங்க? கோட் எழுதினது நாங்க."

எழுதினது நீங்கள்தான். எதை எழுதவேண்டும் என்று தெரியாமல் கைதட்டிக்கொண்டு நின்றதும் நீங்கள்தான். மிஸ்ஸைக் கேளுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார். எனக்குச் சால்வை வேண்டாம், விருந்து வேண்டாம். அந்தப் பூட்டு வரும் திரையில், உங்கள் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். தகப்பன் பெயரோடு, முழுசாக.